அரை நட்சத்திரம்

இருநூற்றைம்பது சொல், ஐம்பது ரிங்கிட்.
காலை எட்டுக்குள் வந்தாக வேண்டும் என்கிறார் தவமணியண்ணன்.
பெர்ரி கரையை விடுவதற்குள்
முதல் வரியைத் தட்டிவிட்டேன்:
'இந்தப் படத்தை எடுத்திருக்க வேண்டியதில்லை.'

பழைய படத்தில் அவள்
பாறையில் ஒரு கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.
அவ்வளவுதான்.
நிலவைப் பிடித்துக் குடத்துக்குள் அமுக்கி
வாயைத் துணியால் இறுகக் கட்டினாள்.
ஏன் என்று அரசன் கேட்கவில்லை.
கோடு கோடாய் ஓடிய வீடியோ கேசட்டில்
பதினொரு முறை பார்த்த நானும் கேட்கவில்லை.
கேட்கத் தோன்றாததால்தான்
இரவில் கழிவறைக்குப் போகப் பயந்தேன்.

புதிய படத்தில் எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது.
நொண்டலுக்கு ஒரு மரம், மரத்தில் முறிய ஒரு கிளை.
மோதிரத்துக்கு ஒரு தட்டான்.
தோளில் குந்தும் காகத்துக்குக்கூட ஒரு தாய்க்காகம்,
அது செத்துப்போக ஒரு பாட்டு.
குடம் எந்தச் சந்தையில் வாங்கியது என்றும் சொல்கிறார்கள்.
பேரம் மட்டும் ஆறு நிமிடம்.

திரைக்கடியில் மலாய் எழுத்து ஓடியது.
'சாபம்' வந்த இடமெல்லாம் சும்பாஹான்.
'வஞ்சினம்' வந்த இடத்தில் ஒன்றுமில்லை,
எழுதியவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம்.

கடலை நன்றாக எடுத்திருக்கிறார்கள்.
கடலுக்கு ஒரு நட்சத்திரம்.
(இந்தக் கடல், நிஜக் கடல், எண்ணெய்க் கறுப்பு.
தூரத்தில் ஒரு கொள்கலன் கப்பல்
எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது.)
காகத்துக்கு ஒன்று. ஆக இரண்டு.

'சிறுவயதுக் காட்சிகளைப் பாதியாக நறுக்கியிருக்கலாம்.
அரண்மனை வாசலில் துணிமூட்டையோடு சிறுமி
பொழுது சாயும்வரை காத்திருப்பது
நம் பொறுமையைச் சோதிக்கிறது.'

"அப்பா."
கவிநேஷ் மோட்டார்சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருக்கிறான்,
பாப்கார்ன் வாளியைத் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டு.
அவன் பழைய படம் பார்த்ததில்லை.
அவனுக்கு இவள் இன்னும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை.
"அந்தப் புள்ளய கூட்டிப்போக
ஏன்பா யாரும் வரல?"

வந்திருந்தால் முதல் படம் இருந்திருக்காதுடா என்றேன்.
நல்ல பதில் என்று நினைத்தேன்,
விமர்சனத்தில்கூட வைக்கலாம்.
அவன் சிரிக்கவில்லை.
"வர்றேன்னு சொன்னாங்கதானே" என்றான்.

போன சனிக்கிழமை
பாயான் லெப்பாஸில் மூன்றாவது லைன் நின்றுவிட்டது.
நாலு மணிக்கு வருகிறேன் என்றவன்
ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்குப் போனபோது ஒன்பதே கால்.
அவன் அம்மா கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.
இவன் மாடிப்படியில்
பள்ளிப்பை மடியில்,
சப்பாத்து கழற்றாமல்.
ஓவர்டைம் என்றேன். சரி என்றான்.
அன்றைக்கு அவன் ஒன்றும் கேட்கவில்லை.
எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

திரையில் அந்தச் சிறுமி உட்கார்ந்திருந்தபோது
பக்கத்து இருக்கையில் மூக்குறிஞ்சும் சத்தம்.
குளிரூட்டி என்று நினைத்தேன்.
நான் கைக்கடிகாரத்தைச் சாய்த்து
காட்சியின் நீளத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்:
நாலு நிமிடம் பத்து நொடி.

நறுக்கியிருக்கலாம் என்ற வரியை அழித்தேன்.
அந்த இடத்தில் வைக்க வேறு வரி வரவில்லை.
திரும்பத் தட்டினேன். திரும்ப அழித்தேன்.
படம் மோசம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.
அவளுக்கு நொண்டல் போதும், மரம் வேண்டாம்.

தவமணியண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்:
இரண்டரை போடுங்கள்.
பதில் உடனே வந்தது, அவர் தூங்குவதேயில்லை:
'நம்ம எழுத்துருவில் அரை கெடயாது தம்பி.
ரெண்டா மூணா?'

பட்டர்வொர்த் விளக்குகள் கிட்டே வந்துவிட்டன.
இன்னும் கட்டவில்லை, அதற்குள்
எல்லா மோட்டார்சைக்கிளும் ஒன்றாக உறுமுகின்றன.
கவிநேஷ் வாளியை என்னிடம் தந்துவிட்டு
தலைக்கவசத்தை மாட்டிக்கொள்கிறான்.
வார் பூட்டத் தெரியும் அவனுக்கு.
ஆனாலும் முகவாயைத் தூக்கிக் காட்டுகிறான்.

போனைப் பையில் போட்டுவிட்டு
பூட்டுகிறேன்.